நகரும் கூரையை நகராமல் பிடித்து வைப்பது

ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்று லா பால்மா. அதன் மலையுச்சியில், சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், சூப்பர்வாஸ்ப் என்ற கருவிக்கு ஒரு கொட்டகை கட்டினார்கள். ஒரே தாங்கியில் எட்டு கேமராக்கள். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடவே அவற்றை அமைத்தார்கள். 2006இல் அறிவிக்கப்பட்ட வாஸ்ப்-1பி என்ற கோள் அப்படிக் கிடைத்ததுதான். வழக்கமான குவிமாடம் அங்கே இல்லை. இரவானால் கூரை தண்டவாளத்தில் ஓடி ஒதுங்கிவிடும். வானம் மொத்தமும் கண்முன். குவிமாடத்தைவிடச் செலவும் குறைவு என்பதால் வீட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் இந்த அமைப்பையே விரும்புகிறார்கள்.

குளிர்காலத்தில் அந்த மலையில் சூறைக்காற்று வீசும், பனி கொட்டும், கம்பி கைப்பிடி எல்லாவற்றிலும் ஐஸ் படியும். அப்போது கூரை இடிந்து விழுமோ என்றுதான் பலரும் அஞ்சுவார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, கூரை மேலே கிளம்புவது. புயலில் தகரக் கூரை பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூரைமேல் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. சுவரிடுக்கு வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. மணிக்கு 100 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமம். நாலுக்கு மூன்று மீட்டர் கூரையென்றால் 500 கிலோவைத் தாண்டும். அதில் பாதி மேல்நோக்கி இழுத்தாலே சாதாரணக் கூரை தாங்காது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. மலையுச்சியில் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவுதான். அந்தச் சலுகையை வேகம் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஆகவே கூரையின் எடையை நம்பாதீர்கள். நான்கு மூலையிலும் கூரைச் சட்டத்தைச் சுவரோடு இழுத்து முறுக்கும் திருகுக் கொக்கி வேண்டும். அந்தச் சுவரும் அடித்தளத்தோடு போல்ட் போட்டுப் பிணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சுவரும் சேர்ந்து கிளம்பும். சக்கரம் தண்டவாளத்தைவிட்டு எழாதபடி, தண்டவாளத்துக்கு அடியில் வளைந்து பிடிக்கும் இரும்புப் பட்டையும் தேவை. திறந்த கூரை, தண்டவாளத்தைத் தாங்கும் வெளித்தூண்கள்மேல் நிற்கும்போது காற்றுக்கு அடியும் முடியும் ஒருசேரக் கிடைக்கும். அதனால் காற்று வலுக்கும் முன்பே மூடிவிடுவதுதான் முறை.

பனியின் கணக்கு வேறு. ஈரம் கோத்து இறுகிய பனி 30 செ.மீ. நின்றால் சதுர மீட்டருக்கு 90 கிலோகூட ஆகலாம். வழித்தெடுக்க மரக்கட்டை போதும். மண்வெட்டி தகட்டைக் கிழித்துவிடும். தண்டவாளத்தில் உப்பு தூவாதீர்கள், துரு பிடிக்கும். சாதா கிரீஸ் குளிரில் இறுகிச் சக்கரத்தை மறிக்கும். சிலிக்கோன் மசகு மேல். பொடிப்பனி ஊசிமுனை இடுக்கிலும் நுழையும் என்பதால் கூரையும் சுவரும் சேரும் கோட்டில் தூரிகைப் பட்டை ஒட்டுவார்கள். தொலைநோக்கியைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, மூடி போட்டு, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பக்கத்தில் வறுத்துக் காயவைத்த சிலிக்கா ஜெல் பை.

புயல் ஓய்ந்ததும் வரும் அவசரத்தில்தான் பல கூரைகள் கெடுகின்றன. கொக்கி ஒன்று மாட்டியபடியே இருக்க, கூரையை நகர்த்தும் மோட்டாரை ஓட்டிவிடுவார்கள். சங்கிலி அறும், இல்லையேல் பல்சக்கரம் தேயும். இதற்கு எளிய வழி உண்டு. மோட்டார் சுவிட்சின் சாவியைக் கடைசிக் கொக்கியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அதைக் கழற்றாமல் சாவி கைக்கு வராது.