முன் சக்கரப் பூட்டில் மிச்சம் எவ்வளவு?



மலையடிவாரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவனுக்குக் கடையைப் போலவே வண்டியும் முக்கியம். போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பி வருகிறேன். தார்ச்சாலை முடிந்ததும் மண் பாதை. மழைக்காலத்தில் நான்கு சக்கரமும் இழுத்தால்தான் சரக்குப் போய்ச் சேரும். அதற்காகவே ஜீப் வகைப் பழைய பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வண்டி ஓடுவதில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். அங்கே பின் சக்கர இழுவையே போதும். அப்போதும் முன் சக்கரங்கள் உருள உருள, முன் ஆக்சில் தண்டுகள், டிஃபரன்ஷியல், முன் புரொபெல்லர் தண்டு எல்லாம் கூடவே வீணாகச் சுற்றித் தேய்கின்றன. இதைத் தடுக்க வந்ததுதான் லாக்கிங் ஹப். ஆக்சில் தண்டையும் சக்கரத்தையும் நிரந்தரமாக இணைக்கும் மூடியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்துவார்கள். வெளியே உள்ள திருகை 'ஃப்ரீ'யில் வைத்தால் சக்கரம் தனியே உருளும். 'லாக்'கில் வைத்தால் தண்டோடு சேரும். உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பட்டாளத்து ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்த காலத்தில், 1948-ல் ஆர்தர் வார்ன் என்பவர் தொடங்கிய நிறுவனம் இத்தகைய ஹப்புகளைச் செய்து விற்றது.

2021-ல் நானும் போட்டேன். ஹப் விலையில் பேரம் பேசியவன், பொருத்துகிற கூலியிலும் பேரம் பேசினேன். அவசரமாகப் பொருத்தி அனுப்பினார்கள். நானும் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் மழையில் வினை வந்தது. ஓட்டுநர் தம்பி இறங்கி வலப்பக்கத்தைப் பூட்டினார். இடப்பக்கம் உள்ளே அப்பிய கிரீஸில் சிக்கிப் பாதியில் நின்றுவிட்டது. மூன்று சக்கரம் இழுத்தால் போதுமென்று ஏறினார். வண்டியில் 25 கிலோ அரிசி மூட்டை 30. திருப்பத்தில் பின் சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. வண்டி பின்னோக்கி வழுக்கி ஒரு மரத்தில் சாய்ந்து நின்றது. மரம் இல்லாவிட்டால் பள்ளம்தான். தம்பி தப்பினார். மூட்டைகள் நனைந்த நஷ்டம் எனக்கு.

அந்த மூன்று சக்கரக் கணக்கே தவறு. சாதாரண டிஃபரன்ஷியல், எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே சுற்றிக்கொள்ளும். ஒரு ஹப் பூட்டாமல் இருந்தால் அந்தத் தண்டு சும்மா சுற்றும். பூட்டிய சக்கரத்துக்கும் இழுவை வராது. ஆக, இழுப்பது பின் சக்கரம் இரண்டு மட்டுமே. இறக்கத்திலும் என்ஜின் பிடிமானம் முன் சக்கரங்களுக்குக் கிடைக்காது.

பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

வாங்கும் முன் ஆக்சில் தண்டின் பற்களையும் போல்ட் துளைகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பொருத்தும்போதே வீல் பேரிங்கைச் சுத்தம் செய்து, இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹப்பின் உள்ளே கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.

கூலி கொடுக்கும் முன், முன் சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தி, கியரை இரு சக்கர இழுவையில் வையுங்கள். ஹப் இரண்டும் லாக்கில் இருக்க, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் எதிர்ச் சக்கரமோ முன் புரொபெல்லர் தண்டோ கூடச் சுற்ற வேண்டும். ஃப்ரீயில் அந்தச் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். சில நாள் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை இரண்டையும் லாக்கில் வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டினால் முன் டிஃபரன்ஷியலில் எண்ணெய் எங்கும் பரவும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர கியரைப் போடக்கூடாது. புது வண்டியானால் வாரண்டி, இன்சூரன்ஸ் விஷயத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டீசல் மிச்சமாகும் என்று விற்பவர் சொல்வார். என் டீசல் நோட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேய்மானமும் சத்தமும் குறைந்தது நிஜம். மழைக்காலம் இல்லாத ஊரில் இந்தச் செலவே தேவையில்லை.

இப்போது எங்கள் வண்டி தார் முடியும் இடத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் பூட்டினால்தான் ஏற வேண்டும். ஒன்று மக்கர் செய்தால் சரக்கோடு திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒருநாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். ஓட்டிப் போகிற பிள்ளை வீடு திரும்ப வேண்டும்.