கோலேந்தியவர் மீண்டு வந்த நாள்

பல இயங்கள் கூடி ஒலிப்பதனைப் பல்லியம் என்றனர் நம் முன்னோர். புறநானூற்றுப் புலவருள் ஒருவர்க்கு நெடும்பல்லியத்தனார் என்பதே பெயர். மேனாட்டார் ‘ஒர்க்கெஸ்ட்ரா’ என்னும் பெருங்குழுவுக்கு இதனினும் பொருந்திய சொல் வேண்டுவதின்று. ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்பற்றி நிற்கக் காண்கிறோம். கொட்டாஞ்சேனையை அடுத்த பொன்னம்பலவாணேசுவரர் கோவில் திருவிழாவிலும் நாதசுரத்தின்வழித் தவில் செல்கிறது. ஒருவர் வாசிப்பை மற்றவர் செவிமடுத்தலே அங்கு ஆணை. மேனாட்டுப் பல்லியத்திலோ ஏறத்தாழ நூறு கலைஞர் இசைக்க, அவர்முன் ஒருவர் கையிற் சிறு கோலுடன், ஒலி ஒன்றும் எழுப்பாது நிற்கிறார்.

“ஐயா, எதனையும் வாசியாத அவர்க்கு ஏன் இத்துணை மதிப்பு?” என வெள்ளவத்தையில் மாணவன் ஒருவன் என்னை வினவினான். தக்க வினாவே. அதற்கு விடையை ஜூபின் மேத்தாவின் வாழ்விலே காணலாம்.

1936இல் பம்பாயிற் பார்சிக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். தந்தையார் மெஹ்லி மேத்தா வயலின் வல்லுநர். பம்பாய்ச் சிம்பொனிப் பல்லியத்தை நிறுவியவர். மைந்தர் வியன்னா சென்று பயின்று, 1962இல், இருபத்தாறாம் வயதில், லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் குழுவின் இசைத் தலைவரானார். பதினாறு ஆண்டுகள் அதனை நடத்திப் பின் 1978இல் நியூயோர்க் சென்றார். நமக்கும் அவர் அயலாரல்லர். ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவாக, 2005 டிசம்பர் 26 அன்று, பவேரிய அரசுப் பல்லியத்துடன் சென்னை மியூசிக் அகாடமியில் இசை வழங்கியவர் அவரே. அவ்வலை கொண்ட உயிர்களில் நம் ஈழக் கரையோரத்தார் எத்துணைப் பேர் என்பதை நாம் மறக்கவல்லோமோ?

பாணன் ஊர் விட்டு ஊர் செல்லுங்கால் யாழையும் உடன் கொண்டு செல்வான். கோலேந்துபவர்க்கு அது கூடுவதன்று. அவர்தம் கருவி மனிதரே. ஆண்டுக்கணக்காக நரம்பு முறுக்கிச் சுருதி கூட்டிய கருவியை அவர் விட்டே செல்லவேண்டும். மற்றொருவர் அதனைத் தம் கருத்துக்கேற்பத் திருத்திக்கொள்வர். முதியோர் ஓய்வுபெறுவர், இளையோர் வந்தமர்வர். பின்னர் ஒருநாள் அவர் மீண்டு வந்தால், பெயர் பழையது, கருவி புதியது.

மேத்தா விருந்தினராய்ப் பன்முறை அக்குழுவுக்கு மீண்டவர். எனினும் 2019 ஒக்டோபர் 24ஆம் நாள் தனிச்சிறப்புடையது. 1919இல் இதே நாளில் முதல் அரங்கு கண்ட அக்குழுவுக்கு அன்று நூறாண்டு நிறைந்தது. முந்திய ஆண்டு நோயால் மேடையை விட்டு விலகியிருந்த மேத்தா, எண்பத்துமூன்றாம் வயதில் இருக்கையில் அமர்ந்தே வாக்னரையும் ராவெலையும் நடத்தினார். அவர்க்குப் பின் அப்பதவி வகித்த சலோனனும், அந்நாளைய தலைவர் துதாமெலும் அதே மேடையில் தத்தம் பங்கை ஆற்றினர். ஈற்றில் ஐசுலாந்து நாட்டுப் பியர்னசன் இயற்றிய புத்திசை ஒன்றை மூவரும் ஒரே வேளையில் நடத்தினர். ஒரு பல்லியம், மூன்று கோல்கள். பூசல் இல்லை, இசையே எழுந்தது!

நம்மிடையே விலகிய தலைவர் மீள்வது பெரும்பாலும் எவ்வாறு முடிகிறது? சங்கங்களிலும், கோவில் அறங்காவலர் சபைகளிலும், பழைய மாணவர் மன்றங்களிலும் “யான் வளர்த்தது” என்பார் ஒருபுறம், “உம் காலம் கழிந்தது” என்பார் மறுபுறம். ஆண்டு பல கற்பித்த எனக்கும் இவ்வெண்ணம் புதிதன்று. நாம் பண்படுத்திய வகுப்பில் நாளை வேறொருவர் நிற்பார். நாம் சொன்ன பொருளை அவர் வேறாகச் சொல்லவுங்கூடும். அவ்வகுப்பிற்குள் உரிமை கோராது நுழையவும், அழைத்தவர் மகிழத் தெரிந்ததைத் தந்து விடைபெறவும் வல்லமா?

மாணவன் வினாவுக்கு விடையும் இதுவே. தாம் ஒலியாது பிறரை ஒலிக்கச் செய்தலே கோலேந்துபவர் தொழில். அது கைவரப் பெற்றவர்க்குப் பதவி நீங்கியபின் மீள்வதும் அரிதன்று. குழலின்வழி யாழை நிறுத்திய இளங்கோவடிகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு: ஒன்றன்பின் ஒன்று நிற்றல் தாழ்வன்று, அதுவே இசை.