மேலே சிவந்தால் போதாது

ஆத்தூரில் அந்தி சாய்ந்தால் கடை வாசல்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்கோழிகள் சுற்றத் தொடங்கிவிடும். அந்த கிரில் சிக்கனை இப்போது பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். மேசைமேல் வைக்கும் ஓடிஜி அடுப்போடு சுழல் கம்பியும் சேர்ந்தே வருகிறது. நல்ல விஷயம்தான், எண்ணெயும் நிறப்பொடியும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆனால் கோழி உள்ளே வெந்ததா என்று பார்க்கும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது.

நாமக்கல்லில் நடந்தது

2023 செப்டம்பரில் நாமக்கல் உணவகம் ஒன்றில் வாங்கிய ஷவர்மாவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்துபோனாள். இன்னும் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், கேரளத்தின் செறுவத்தூரில் 16 வயது மாணவி ஒருத்தி இதேபோல் உயிரிழந்தாள். அங்கே ஷிகெல்லா கிருமி கண்டறியப்பட்டது. ஷவர்மாவும் சுழலும் கறிதான். தீயைப் பார்த்த மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே சூடு மெதுவாகத்தான் ஏறும். பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் கிருமிகள் பிழைப்பது அந்த உள்பக்கத்தில்தான்.

கம்பியில் கோர்க்கும் முன்

கறிக்கடையில் "தோலோட முழுசா வேணும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். தோல் இருந்தால் கறி வறளாது. ஒன்றேகால் கிலோவுக்குள் இருப்பது நல்லது. குழாயடியில் கோழியைக் கழுவினால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். மஞ்சள் போட்டு அலசாமல் மனம் ஒப்பாதவர்கள் பாத்திரத் தண்ணீரில் மெல்ல அலசிவிட்டு, தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மசாலா ஊறுவது ஃபிரிட்ஜுக்குள்தான். நம்மூர்ச் சித்திரை வெயிலில் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. உறைந்த கோழியானால் முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வயிற்றுக்குள் பனிக்கட்டி இருந்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது. காலையும் இறக்கையையும் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டுங்கள்.

74 டிகிரி

200 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் வெப்பமானியை, எலும்பில் படாமல், தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 டிகிரி காட்ட வேண்டும். நெஞ்சுக்கறியிலும் பாருங்கள். இளம் பிராய்லரின் எலும்போரம் நன்றாக வெந்த பிறகும் சிவப்பாக இருக்கலாம். அதனால்தான் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன்.

கரண்ட் போனால்?

சட்டென்று வந்துவிட்டால் தொடரலாம். வராவிட்டால் கோழியை அடுப்புக்குள்ளேயே விட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த இளஞ்சூடு கிருமி பெருக ஏற்றது. உடனே துண்டு போட்டுக் கேஸ் அடுப்பில் வேகவைத்துக் குழம்பாக்கிவிடுங்கள்.

தொட்டுக்கொள்ளவும் மிச்சமும்

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. வீட்டிலும் அது வேண்டாம். பூண்டு அரைத்த தயிரே போதும். மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே கிடந்த கறியைச் சுடவைத்தால் கிருமி சாகலாம், சில கிருமிகள் கக்கிய நஞ்சு சாகாது.

சாப்பிட்ட பின் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் கொடுக்கத் தொடங்குங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை சோர்ந்து சிறுநீர் கழிக்காமல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.