உப்புச் சாடி சொல்லும் செய்தி



மரக்காணத்து உப்பளங்களில் கோடை வெயிலும் காற்றும் சேர்ந்து உப்பை விளைவிக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கும். வீட்டுச் சாடியிலுள்ள உப்பும் கசியும். அத்தகைய கார்த்திகை இரவொன்றில் அவ்வூர் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவ்வீட்டுச் சிறுவன் படுக்க இயலாமல், சுவரில் சாய்ந்து, விடியுமளவும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தான்.

"குடிசையில் இருந்தவரை பிள்ளைகளுக்கு இது இல்லையே! நல்ல வீடு கட்டிய பிறகல்லவா வந்தது?" என்று பாட்டியார் வருந்தினார்.

அது சிந்திக்கத்தக்க கேள்வி. ஆஸ்துமாவுக்குப் பரம்பரையும் ஒரு காரணமே. எனினும், அதனைத் தூண்டுவனவற்றுள் பல வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 1964-இல் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகர அறிஞர்கள், வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்குக் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை உண்ணியே முதன்மையான காரணம் என்று கண்டனர். மெத்தையில் வாழும் அது, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளைத் தின்கிறது. அதன் கழிவு மூச்சோடு உட்சென்றால், ஒவ்வாமையுள்ள குழந்தையின் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன.

இந்த உண்ணி நீர் பருகுவதில்லை. தன் சுரப்பிலுள்ள உப்பைக் கொண்டு காற்றின் ஈரத்தையே ஈர்த்துக்கொள்கிறது! தூய உப்பு கசிவது காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது. உண்ணி செழிப்பதும் அத்தகைய ஈரத்தில்தான். ஆகவே, சாடி உப்பு கசிந்தால் அதனை ஓர் எச்சரிக்கையாகக் கொள்க.

குடிசையில் ஓலை இடுக்கு வழியே காற்று உலவியது. பாயை நாள்தோறும் உதறிச் சுருட்டினர். புது வீட்டிலோ சன்னல் அடைபட்டது, எடுத்து உலர்த்தப்படாத பஞ்சு மெத்தை வந்தது, கொசுவர்த்தியும் புகைந்தது. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இதனால் குடிசைக்குத் திரும்புக என்று கூறவில்லை. அங்கே விறகுப் புகை தீங்கு செய்தது. புயலுக்கு அஞ்சி வாழவும் நேர்ந்தது. நல்ல வீட்டில் பழைய நற்பழக்கங்களைக் கைவிடலாகாது என்பதே என் கருத்து. படுக்கையை வெயிலில் காயவையுங்கள்; விரிப்பை வெந்நீரில் துவையுங்கள்; ஈரத் துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள்; சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். மருத்துவர் தரும் இன்ஹேலரைத் தாமாக நிறுத்தலாகாது. அது குழந்தையை அடிமைப்படுத்தும் என்பது வீண் அச்சம்.

பாட்டியார் இவற்றைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மழை விட்டதும், மெத்தையை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்தவர் அவரே.