உங்களுக்குத் தெரியுமா? வலமிருந்து இடமாக ஓடும் தமிழ்

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களிலும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படுகின்றன. இரண்டையுமே முஸ்லிம்கள் அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். ஒன்று அரபுத் தமிழ், மற்றது அரபு மலையாளம். கோழிக்கோடு காழி முகம்மது 1607-இல் இயற்றிய முஹ்யித்தீன் மாலை, காலம் தெரிந்த அரபு மலையாள நூல்களில் மிகப் பழையது.

ழ, ண, ட, ப ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லையே! இருக்கிற எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளி கூட்டிப் புது எழுத்துகளே செய்துகொண்டார்கள். பழைய கிதாபு ஒன்றைப் பிரித்து வாய்விட்டுப் படித்தால், கண்ணுக்கு அரபி. காதுக்கு நம் வீட்டுத் தமிழ்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். ஹவுசா, சுவாகிலி மொழிகள் அரபு எழுத்தில் எழுதப்பட்டன. கேப்டவுனில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைக்கூட அப்படி எழுதினார்கள். அபூபக்கர் எஃபெண்டியின் 'பயானுத்தீன்' 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சானது. கேப்டவுனிலுள்ள போ-காப் அருங்காட்சியகம் அந்நகர முஸ்லிம் குடும்பங்களின் வாழ்க்கையைச் சொல்கிறது. மாலி நாட்டின் திம்பக்துவில் 2012-இல் போர் வந்தபோது, ஊர்மக்களே அங்கிருந்த பழைய அரபு எழுத்து ஏடுகளைத் தகரப் பெட்டிகளில் அடுக்கி, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலுமாகப் பமாகோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். களியக்காவிளை, மார்த்தாண்டம் தாண்டினால் தக்கலை. அங்கே தமிழ் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் ஆண்டுவிழா இரவில், அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை விடிய விடியப் பாடுகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிதாபு இருக்கிறதா? பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.