தாத்தா ஓடுகிறார், பேரன் நிற்கிறான்

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் யமஹாவுக்கு ஜெர்மனியில் ஒரு பாட்டி வீடு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்தப் பாட்டி வீட்டையே ஒரு காலத்தில் மலேசிய நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது என்றால்? இரண்டும் உண்மைதான். அந்தக் கதைக்குப் போகுமுன் இன்னொரு ஜெர்மன் தாத்தாவைப் பார்த்துவிடலாம்.

கூலாயில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. செம்பனைத் தோட்டத்துக்குள் போக, செனாய் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போக, விடியுமுன் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போக, எல்லாவற்றுக்கும் கப்சாய்தான். பெரிய மோட்டார்கள் விடுமுறை நாள் காலையில்தான் வெளியே வரும். வானொலியில் வேலை பார்ப்பதால் எனக்கு உருவத்தைவிடச் சத்தம்தான் முதலில் பிடிபடும். ஜப்பானிய நான்கு சிலிண்டர் கீச்சென்று சீறும். அதற்கு நடுவே தாழ்ந்த குரலில், பெரியவர் தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல ஒரு சத்தம் வந்தால், அது அநேகமாக பழைய பி.எம்.டபிள்யூ 'பாக்ஸர்'.

இரு பக்கமும் நீட்டிய கைகள்

1923-இல் மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த ஆர் 32-தான் பி.எம்.டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிள். 494 சிசி, 8.5 குதிரைத்திறன். இன்றைய கப்சாயின் சக்திக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் அதில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமுமாக வெளியே நீட்டி நிற்கும். காற்று நேராக மேலே பட்டு இரண்டையும் ஒரேபோல் குளிர்விக்கும். இரண்டு, பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது. ஒரு தண்டுதான் சுழன்று சக்கரத்தை ஓட்டும். செம்மண் சகதியில் செயின் தேய்ந்து அவதிப்பட்ட தோட்டத்து மக்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்று ஆர்வலர்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிப்பது பெரும்பாலும் 1969-க்குப் பிறகு வந்த வண்டிகளைத்தான். அந்த ஆண்டு பெர்லினில் ஸ்பாண்டாவ் தொழிற்சாலையில் 'ஸ்லாஷ் ஃபைவ்' வரிசை தொடங்கியது: ஆர் 50/5, ஆர் 60/5, ஆர் 75/5. அதே அடிப்படை இஞ்சின் திருத்தங்களோடு 1996 வரை வந்தது. இந்தத் தேதிகளை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பி2 லைசென்ஸ் 250 சிசி வரைதான். 500 சிசியைத் தாண்டினால் முழு 'பி' வேண்டும். ஸ்லாஷ் ஃபைவ் வரிசையில் சட்டத்தில் உள்ள எண்ணும் இஞ்சினில் உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் பதிவு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

கழற்றுவது சுலபம், ஆனால்…

இந்த இஞ்சினைப் பழுது பார்ப்பது கற்றுக்கொள்ள ஏற்ற பள்ளிக்கூடம். வால்வு இடைவெளி சரிபார்க்க டாங்கியைக் கழற்ற வேண்டாம், சீட்டைத் தூக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று நட்டைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். ஸ்லாஷ் ஃபைவுக்கு உள்வால்வு 0.15 மில்லிமீட்டர், வெளிவால்வு 0.20. ஃபீலர் கேஜ் ஒன்றிருந்தால் ஒரு மணி நேர வேலை.

சுலபம் என்று அலட்சியமாக இருந்தால்தான் ஆபத்து. இஞ்சினின் முன் மூடியைக் கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மூடி உள்ளே உரசி, மின்சாரப் பகுதி கருகிவிடும். எண்ணெய் வடிகட்டி மூடிக்குள் ஒரு வெள்ளை ஓ-ரிங் இருக்கிறது. அது சரியாக அழுந்தாவிட்டால் எண்ணெய் அழுத்தம் குறைந்து, பேரிங்குகள் காய்ந்து, இஞ்சினே போய்விடும். சில ரிங்கிட் ரப்பர் வளையம், பல ஆயிரம் ரிங்கிட் செலவு. ஆகவே, முதல் முறை தெரிந்த ஃபோர்மனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஓட்டும்போதும் இதற்கென்று சில குணங்கள் உண்டு. நின்ற இடத்தில் முறுக்கினால் வண்டி வலப்பக்கம் சாய்ந்து கொடுக்கும்; பயப்பட வேண்டாம், இஞ்சின் தண்டு முன்பின்னாகச் சுழல்வதன் விளைவு அது. சைட் ஸ்டாண்டில் இரவெல்லாம் சாய்த்து வைத்தால் எண்ணெய் இடது சிலிண்டருக்குள் இறங்கி, காலையில் கொசு மருந்து அடித்ததுபோல் புகை வரும். ஜொகூர் பாலத்து நெரிசலில் மட்டும் இதைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். காற்று ஓடாவிட்டால் இந்த இஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

ஸோப்பாவ் என்ற பாட்டி வீடு

இனி முதலில் சொன்ன கதை. ஜெர்மனியின் சாக்ஸனி மாநிலத்தில் ஸோப்பாவ் என்றொரு சிறு நகரம். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முஸன் என்பவர் 1906-இல் அங்கே ஒரு பழைய துணி ஆலையை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்த டி.கே.டபிள்யூ 1920-களின் இறுதியில் உலகிலேயே பெரிய மோட்டார் சைக்கிள் நிறுவனமாக இருந்தது. அதன் ஆர்டி 125 மாடலைப் போருக்குப் பிறகு பல நாடுகள் பார்த்துச் செய்தன. 1955-இல் யமஹா வெளியிட்ட அதன் முதல் மோட்டார் சைக்கிள் வொய்ஏ-1-உம் அதைப் பின்பற்றியதுதான்.

போருக்குப் பிறகு ஸோப்பாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. தொழிற்சாலை எம்ஸெட் ஆனது. அங்கே வால்டர் காடன் என்ற பொறியாளர் புகைக்குழாயை வயிறு பெருத்த வடிவில் அமைத்து, டூ-ஸ்ட்ரோக் இஞ்சினின் சக்தியைப் பன்மடங்காக்கினார். 1961-இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பியோடி, அந்த ரகசியத்தோடு சுஸூகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுஸூகிக்கு. நம் இளைஞர்கள் உயிராக நினைக்கும் ஆர்எக்ஸ்ஸெட்டின் புகைக்குழாய் ஏன் நடுவில் பெருத்திருக்கிறது என்பதற்கு விடை அங்கேதான் தொடங்குகிறது.

ஜெர்மனி ஒன்றான பிறகு தொழிற்சாலை தள்ளாடியது. 1996-இல் அதை வாங்கியது நம் ஹோங் லியோங் குழுமம், இங்கே யமஹா தயாரிக்கும் அதே குழுமம். பேத்தி வீட்டார் போய்ப் பாட்டி வீட்டை வாங்கியதுபோல! 2000-இல் மூனிக் கண்காட்சியில் எம்ஸெட் 1000 எஸ் அறிமுகமானது: 998 சிசி, அருகருகே இரண்டு சிலிண்டர், சுமார் 117 குதிரைத்திறன். மலேசியப் பணத்தில் பிறந்த ஜெர்மன் இரட்டை சிலிண்டர். ஆனால் விற்பனை கைகொடுக்கவில்லை. 2008 இறுதியில் உற்பத்தி நின்றது. முன்னாள் பந்தய வீரர்கள் இருவர் வாங்கி உயிர்கொடுக்க முயன்றார்கள். 2012-இல் அதுவும் நொடித்தது.

யார் கிழவர்?

இப்போது கணக்குப் பார்ப்போம். 1970-இல் பிறந்த பி.எம்.டபிள்யூவுக்கு இன்றும் நிறுவனத்தின் கிளாசிக் பிரிவு பார்ட்ஸ் விற்கிறது. இஞ்சினின் அடிப்படை கால் நூற்றாண்டுக்கு மேல் மாறாததால், ஒரு வண்டியின் பல பாகங்கள் இன்னொன்றுக்குப் பொருந்தும். கார்புரேட்டரைக் கையால் கழற்றிக் கழுவி மாட்டலாம். எம்ஸெட் 1000 எஸ் அதைவிட முப்பது வயதுக்கு மேல் இளையது. ஆனால் அதற்கு நிறுவனமே இல்லை. எண்ணிக்கையும் குறைவு. பெட்ரோலை அளந்து ஊற்றும் மின்னணுப் பெட்டி செத்தால், தட்டிக் கொட்டிச் சரிசெய்ய முடியாது. தாத்தா ஓடுகிறார், பேரன் நிற்கிறான்.

ஒரு மோட்டாரின் ஆயுள் அது பிறந்த தேதியில் இல்லை. பார்ட்ஸ், பழுது பார்க்கும் கைநூல், வேலை தெரிந்த கை, இந்த மூன்றில்தான் இருக்கிறது. இது ஜெர்மன் வண்டிக்கு மட்டுமான பாடமில்லை. கொட்டகையில் துருப்பிடிக்கும் அப்பாவின் ஆர்எக்ஸ்ஸெட்டுக்கும், 1996-இல் வந்த நம் முதல் மொடினாஸ் கிரிஸ்ஸுக்கும் பொருந்தும். பாகங்கள் கடையில் கிடைக்கும்போதே வாங்கி வையுங்கள். கைநூலைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் கடினம். உங்கள் வட்டாரத்து மூத்த ஃபோர்மன் காதால் கேட்டே டைமிங் பிடிப்பவராக இருப்பார். அந்த வித்தை எந்தக் கைநூலிலும் இல்லை. அவர் பட்டறையில் விடுமுறைக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க உங்கள் பையனையோ பெண்ணையோ அனுப்பிப் பாருங்கள். பார்ட்ஸைத் தபாலில் வரவழைக்கலாம். அந்தக் காதை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.