ஆயிரம் கஜம், ஒன்றரை நொடி

தலைக்கு மேலே சாட்டையைச் சொடுக்கினாற்போல் ‘பளீர்’ என்று ஒரு சத்தம். ஒரு நொடி கழித்து, அடுத்த தெருவில் யாரோ கதவைச் சாத்தினாற்போல் மெல்லிய ‘தொம்’. முதல் சத்தம் குண்டு கடந்து போனது. இரண்டாவது, அந்தக் குண்டை அனுப்பிய துப்பாக்கியின் வெடியோசை. குண்டு ஒலியைவிட வேகமாக வந்துவிட்டது. தன் சத்தத்தையே பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறது.

நெடுந்தூர ரைபிள் போட்டிக்கு முதல்முறை வருபவரின் நாள் இப்படி இலக்குக் குழிக்குள் நின்றபடி தொடங்கினால் நல்லது. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் உள்ள பிஸ்லியில், சங்கங்கள் நடத்தும் சிறு போட்டிகளில் இது வழக்கம்தான். சுட வந்தவர்களே முறைவைத்துக் குழிக்குள் இறங்கி மற்றவர்களுக்காக இலக்கைக் கவனிப்பார்கள். முன்னால் மண்ணும் கான்கிரீட்டும் சேர்ந்த தடித்த சுவர். அதன் பாதுகாப்பில் நீங்கள் நிற்கிறீர்கள். ஆளுயரத்துக்கும் மேலான இலக்குப் பலகை இரும்புச் சட்டத்தில் உங்களுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. சத்தம் கேட்டதும் பலகையைக் கீழே இழுக்க வேண்டும். குண்டு துளைத்த ஓட்டையைத் தேடி, அதில் பளிச்சென்ற நிறமுள்ள ஒரு வட்டைச் செருக வேண்டும். பழைய ஓட்டையைக் காகிதம் ஒட்டி மூட வேண்டும். பலகையின் ஓரத்தில் ஓர் அடையாளத்தை மாட்ட வேண்டும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே மதிப்பெண். பிறகு பலகையை மேலே தள்ள வேண்டும். தொலைவில் படுத்திருப்பவர் தொலைநோக்கி வழியே பார்த்துத் தன் குண்டு எங்கே விழுந்தது என்று தெரிந்துகொள்வார். மின்னணு இலக்குகள் இப்போது வந்துவிட்டன. ஓட்டையை விரலால் தொட்டுப் பார்க்கும் அனுபவத்தை அவை தருவதில்லை.

எவ்வளவு தொலைவு? பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் 800 கஜம் முதல் 1,200 கஜம் வரை சுடலாம். புகழ்பெற்ற தொலைவு ஆயிரம் கஜம், அதாவது 914 மீட்டர். 22 பெட்டிகள் கொண்ட விரைவு ரயிலின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். ரயிலின் கடைசிப் பெட்டிக்கும் பின்னால் இன்னும் அரை ரயில் தள்ளிப் படுத்துக்கொண்டு, எஞ்சினுக்கு முன்னால் நிற்கும் இரண்டடி அகல வட்டத்தைக் குறிபார்க்கிறீர்கள். இலக்கு ரைபிள் எனப்படும் பிரிவில் இதற்குத் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியும் கிடையாது. பின்னால் ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம். துளைக்குள் வளையத்தையும், வளையத்துக்குள் ஊசித்தலைபோல் தெரியும் கருவட்டத்தையும் பொருத்திப் பார்ப்பதுதான் குறி.

நம்மில் பலருக்குத் துப்பாக்கி சுடும் விளையாட்டு என்றதும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பதக்கங்கள் குவிப்பதும் அதில்தான். அங்கே நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். ஆனால் நான்கு சுவர்களுக்குள் காற்று அசைவதில்லை. எதிராளி உங்கள் உடம்பு மட்டுமே. ஆயிரம் கஜத்தில் உடம்போடு வானமும் சேர்ந்துகொள்கிறது.

பிஸ்லிக்கு முன் இந்தப் போட்டிகள் லண்டனின் விம்பிள்டன் திடலில் நடந்தன. 1860 ஜூலை 2 அன்று விக்டோரியா அரசி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். விட்வொர்த் ரைபிள் ஒன்றை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பூட்டி, 400 கஜத்துக்குக் குறிவைத்து, விசையில் ஒரு பட்டுக்கயிற்றைக் கட்டியிருந்தார்கள். அரசி கயிற்றை இழுத்தார். குண்டு மையத்தை ஒட்டியே விழுந்தது. அந்தத் தாங்கியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: துப்பாக்கியை அசையாமல் பிடிக்கும் வேலையை மனித உடம்பு செய்ய வேண்டியிருப்பதுதான் இந்தக் கலையின் முதல் பாதி. நகரம் வளர்ந்து நெருக்கியதால் 1890இல் மைதானம் பிஸ்லிக்கு மாறியது. இங்கே ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் பெருந்திருவிழாவில் சுடப்படும் பரிசுகளில் நம் நாட்டுப் பெயர் கொண்டதும் உண்டு: கோலாப்பூர் சமஸ்தான அரசர் கொடுத்த கோலாப்பூர் கோப்பை, 1871 முதல்.

சரி, குழியிலிருந்து ஏறி வந்து சுடும் மேட்டில் படுப்போம்.

விரிப்பின் மேல் குப்புறப் படுக்க வேண்டும். உடம்பு துப்பாக்கியின் கோட்டிலிருந்து சற்றே சாய்ந்திருக்கும். தடித்த மேல்சட்டை, இடக்கையில் கையுறை. மேற்கையில் மாட்டிய தோல்வார் துப்பாக்கியின் முன்பகுதியோடு இறுக்கமாய்ப் பிணைந்திருக்கும். முதல்நாள்காரர் செய்யும் தவறு, தசையின் பலத்தால் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிப்பது. தசை சோர்ந்துவிடும், சோர்ந்த தசை நடுங்கும். எலும்பும் வாரும் சேர்ந்து ஒரு முக்காலிபோல் சுமையை ஏற்க வேண்டும். அதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, மறுபடி திறந்து பாருங்கள். குறி பக்கத்து இலக்குக்கு நகர்ந்திருந்தால் கையால் தள்ளித் திருத்தக்கூடாது. இடுப்பை ஒரு விரற்கடை நகர்த்தி, முழு உடம்பையும் திருப்ப வேண்டும். வார் கையை இறுக்கியிருப்பதால் நாடித்துடிப்பு குறிவளையத்தில் தெரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் கருவட்டம் மெல்லத் துள்ளும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு தொடங்குமுன் கிடைக்கும் சில நொடி அமைதியில் விசை அழுத்தப்பட வேண்டும்.

விசை அழுந்தியதும் ஒன்றரை நொடிப் பயணம் தொடங்குகிறது. கணக்காகச் சொன்னால் 1.6 நொடிக்குச் சற்று மேல். 7.62 மில்லிமீட்டர் தோட்டாவின் பத்து கிராம் குண்டு குழலைவிட்டு நொடிக்கு ஏறத்தாழ 890 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றின் தடையில் வேகம் இழந்துகொண்டே போய், இலக்கை அடையும்போது அதில் பாதிகூட மிஞ்சாது. ஒலியின் வேகத்தைச் சற்றே தாண்டி நிற்கும். ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கினால் குண்டு தள்ளாடத் தொடங்கலாம் என்பதால், ஆயிரம் கஜம் வரை அதற்கு மேலேயே வைத்திருக்கும்படி குண்டும் மருந்தும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

இந்த ஒன்றரை நொடியில் புவியீர்ப்பு சும்மா இருப்பதில்லை. குழல் காட்டும் நேர்கோட்டிலிருந்து குண்டு ஏறக்குறைய 10 மீட்டர் கீழே இறங்கிவிடும், மூன்று மாடி உயரம். அதனால் குழலை அந்த அளவுக்கு மேல்நோக்கி வைத்துத்தான் சுட வேண்டும். பின்துளையை ஏற்றி இறக்கும் திருகு இதற்காகத்தான். ஒரு ‘கிளிக்’ திருப்பினால் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்ததில் ஒன்றின் கால் பங்கு நகரும். ஆயிரம் கஜத்தில் அது ஆறரை சென்டிமீட்டர். ஈர்ப்பு நேர்மையானது. காலையிலும் மாலையிலும் அதே அளவுதான் இழுக்கும். ஒருமுறை கணக்கிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது.

காற்று அப்படியில்லை.

மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் சாதாரணக் காற்று, ஆயிரம் கஜத்தில் இந்தக் குண்டை இரண்டு மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். வேட்டி கொடியில் படபடக்கும் அளவுக் காற்றுதான் அது. அதை மணிக்கு இரண்டு கிலோமீட்டர் குறைத்து மதிப்பிட்டால் போதும், குண்டு ஏறக்குறைய ஓர் அடி விலகும். நடு வட்டத்தின் விளிம்புக்கு வந்துவிடும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்பது நடைபழகும் குழந்தையின் வேகம். அந்த வேறுபாட்டை முகத்தில் உணர முடியாது. கண்ணால்தான் படிக்க வேண்டும்.

மைதானம் நெடுகக் கம்பங்களில் கொடிகள் பறக்கின்றன. பட்டம் விட்டவர்களுக்கு இந்தப் பாடம் பாதி தெரியும்: மொட்டைமாடியில் ஒரு காற்று, பட்டம் நிற்கும் உயரத்தில் வேறொரு காற்று. ஆயிரம் கஜக் குண்டும் வளைந்து எழுந்து, பார்வைக் கோட்டுக்கு மேலே சுமார் நான்கு மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறது. அருகில் உள்ள கொடி ஒரு பக்கம் பறக்கும்போது இலக்கின் அருகே உள்ள கொடி சோர்ந்து தொங்கலாம். எதை நம்புவது? புதியவர்கள் இலக்குப் பக்கக் கொடியையே பார்ப்பார்கள், குண்டு போய்ச் சேரும் இடம் அதுதானே என்று. ஆனால் சுடுபவரின் பக்கத்துக் காற்றை அலட்சியம் செய்யவே கூடாது. தொடக்கத்தில் கிடைக்கும் சிறு தள்ளல் குண்டின் திசையையே திருப்பிவிடும். அந்தத் திருப்பம் மீதித் தொலைவு முழுவதும் வளர்ந்துகொண்டே போகும்.

கொடிகளைவிட நுட்பமான சாட்சி கானல். கோடைத் தார்ச்சாலையில் நீர்போல் நெளியுமே, அதே கானல். வெயில் பட்ட தரையிலிருந்து எழும் சூடான காற்று ஒளியை வளைப்பதால் வருவது. தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் தெளிவாகும்படி திருகினால், ஓடை நீர்போல் அது பக்கவாட்டில் ஓடுவது தெரியும். ஓடும் திசை காற்றின் திசை; ஓடும் வேகம் காற்றின் வேகம். பலத்த காற்றில் நெளிவு தட்டையாகப் படிந்து, மறைந்தே போகும். நெளிவுகள் எந்தப் பக்கமும் ஓடாமல் உலைநீர்போல் நேராக மேலே கொதித்தால், காற்று அடங்கியிருக்கிறது, அல்லது முகத்துக்கு நேரோ முதுகுக்கு நேரோ வீசுகிறது என்று பொருள். பழகியவர்கள் கொதிக்கும்போது சுடமாட்டார்கள். அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. நம்மைத் தாகத்தில் ஏமாற்றும் அதே கானல் இங்கே உண்மை பேசுவது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

காத்திருக்கவும் எல்லை உண்டு. இலக்கு மேலே வந்ததிலிருந்து 45 நொடிக்குள் சுட்டாக வேண்டும். ஒரே இலக்கை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொண்டு மாறிமாறிச் சுடுவார்கள். முதல் இரண்டு குண்டுகள் வெள்ளோட்டம். அவை விழுந்த இடத்தைப் பார்த்துத் திருகைத் திருத்திக்கொள்ளலாம். பிறகு வருவதெல்லாம் கணக்கு: நடு வட்டம் 5, அடுத்தடுத்த வளையங்கள் 4, 3, 2, 1. நடு வட்டத்துக்குள்ளும் ஒரு சிறு வட்டம் உண்டு, ‘வி’ என்பார்கள். மொத்தம் சமமானால் அதில் யாருக்கு அதிகம் விழுந்ததோ அவரே முன்னவர். பெரும்போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே வகைத் தோட்டாவை நடத்துபவர்களே கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. அப்போது பொருளில் வேற்றுமை குறைந்து, காற்றைப் படிக்கும் கண்ணில்தான் வேற்றுமை தங்கும். உடற்பலத்துக்கு இங்கே பெரிய இடமில்லை. 1930இல் பிஸ்லியின் தலைமைப் பரிசான அரசர் பரிசை வென்ற முதல் பெண் மார்ஜரி ஃபாஸ்டர் கோழிப்பண்ணை நடத்தியவர். 280 எடுத்து, ஒரே ஒரு புள்ளியில் ஒரு ராணுவ அதிகாரியை முந்தினார்.

புதியவரை உறுத்தும் பயம் குண்டு இலக்கில் படாமலே போய்விடுமோ என்பது. அதைவிடப் பொல்லாத தவறு வேறொருவர் இலக்கில் நடுவட்டத்தைத் துளைப்பது. ஸ்டிக்கிள்டவுனில் ஐம்பது இலக்குகள் வரிசையாக நிற்கின்றன. 45 நொடிக் கெடு, காற்று மாறிவிட்டதே என்ற பதற்றம். கண் எடுத்துவைப்பதற்குள் வளையத்துக்குள் பக்கத்துக் கருவட்டம் வந்து உட்கார்ந்திருக்கும். எத்தனை அழகாகச் சுட்டிருந்தாலும் உங்களுக்குச் சுழியம். அதனால்தான் ஒவ்வொரு குண்டுக்கு முன்பும் இலக்கின் எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொள்ளச் சொல்வார்கள்.

இந்தத் தவறால் ஒரு நாடே தோற்றிருக்கிறது. 1874 செப்டம்பர் 26, நியூயார்க்குக்கு அருகே கிரீட்மூர் மைதானம். அயர்லாந்தின் ஆறு பேரும் அமெரிக்காவின் ஆறு பேரும் 800, 900, 1,000 கஜங்களில் மோதினார்கள். அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு நடுவட்டத்தில் விழுந்தது, ஆனால் வேறு இலக்கில். அன்றைய கணக்கில் நடுவட்டத்துக்கு 4 புள்ளி. அவருக்குக் கிடைத்தது சுழியம். ஆட்டம் முடியும் தறுவாயில் அமெரிக்கா ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசிக் குண்டு ஜான் போடைனுடையது. சற்றுமுன் பானப் புட்டி ஒன்று வெடித்துக் கையைக் கிழித்திருந்தது. ரத்தம் வழியும் கையோடு படுத்து நடுவட்டத்தைத் துளைத்தார். 934க்கு 931. மில்னரின் நான்கைக் கூட்டிப் பாருங்கள்: 935.

அதே ஜோஷுவா மில்னர், 34 ஆண்டுகள் கழித்து, அறுபது வயதை ஒட்டிய நிலையில் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஆயிரம் கஜப் போட்டிக்கு வந்தார். நடந்த இடம் பிஸ்லி. இருபது குண்டுகள், நூற்றுக்கு 98, தங்கப் பதக்கம்.

உங்கள் கடைசிக் குண்டும் போய்விட்டது. பூட்டைப் பின்னுக்கு இழுத்து, அறை காலி என்று காட்டி, வண்ணக் கொடி செருகிய பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தவர் உங்கள் அட்டையை நீட்டுகிறார். ஒவ்வொரு குண்டின் மதிப்பையும் உரக்கச் சொல்லி எழுதிவந்தவர் அவர்தான், உங்களோடு போட்டியிடுபவரும் அவர்தான். கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறீர்கள். விரிப்பில் இப்போது அவர் படுக்கிறார். பென்சிலும் அவருடைய அட்டையும் உங்கள் கையில் இருக்கின்றன. இலக்கு மேலே வருகிறது.